அரண்மனையிலிருந்து பூஜை அறைக்கு: ரவி வர்மா வந்த வழி



நம் குடியிருப்பில் பல வீடுகளின் பூஜை அறையில் ஒரு லட்சுமி படம் இருக்கும். செந்தாமரை மேல் நிற்கும் உருவம், நான்கு கைகள், சரிகைக் கரை போட்ட புடவை, பக்கத்தில் தும்பிக்கையில் மாலை ஏந்திய யானை. கல்யாணத்துக்கு யாரோ கொடுத்ததாக இருக்கலாம், ஜவுளிக்கடை காலண்டரில் வந்ததாக இருக்கலாம். லட்சுமி என்று சொன்னதும் நம் மனத்தில் வருவது அந்த முகம்தான். அந்த முகத்துக்கு ஒரு வயது உண்டு. சுமார் 130 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் அதை வரைந்தார்.

அவர் பெயர் ரவி வர்மா. அவர் வாழ்ந்த நாளில் நம் நாகர்கோவில், தக்கலை, சுசீந்திரம் எல்லாம் அவருடைய சொந்த நாடான திருவிதாங்கூரில்தான் இருந்தன. வீட்டில் சாமி படம் வைக்காதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். காலண்டர், சினிமா, தீப்பெட்டி லேபிள் என்று நாம் பார்த்து வளர்ந்த பலவற்றில் அவர் கை இருக்கிறது.

கரித்துண்டும் மாமாவும்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே, எம்.சி. சாலையில் இருக்கிற ஊர் கிளிமானூர். அங்குள்ள அரண்மனை வீட்டில் 1848 ஏப்ரல் 29 அன்று ரவி வர்மா பிறந்தார். அரண்மனை என்றவுடன் நாடாண்ட குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு திருமண உறவு வைத்திருந்த ஒரு தரவாடு அது. அம்மா உமா அம்பாபாய் கவிதை எழுதுபவர். அப்பா சமஸ்கிருதம் படித்தவர்.

சிறுவன் கரித்துண்டால் வெள்ளைச் சுவர்களில் ஆடு, மாடு, ஆள் என்று வரைந்து தள்ளினான் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. வேலைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். தாய்மாமா ராஜ ராஜ வர்மா மட்டும் அதைக் கூர்ந்து பார்த்தார். அவரே படம் வரைபவர். மருமகனுக்கு முதல் குரு ஆனதும் அவர்தான்.

தாய்மாமா ஏன் முன்னால் வருகிறார் என்று நம் பக்கத்துப் பெரியவர்களிடம் விளக்கத் தேவையில்லை. அங்கே மருமக்கத்தாயம். குடும்பம் பெண் வழியில் போகும், பொறுப்பு தாய்மாமனிடம் இருக்கும். நாஞ்சில் நாட்டு வேளாளரிடமும் இந்த வழக்கம் இருந்தது. கவிமணி அதைக் கேலி செய்து மருமக்கள்வழி மான்மியம் எழுதினார். கிளிமானூரில் அந்த வழக்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. 1862-ல், பையனுக்கு 14 வயதானபோது, மாமா அவனைத் திருவனந்தபுரம் அழைத்துப் போய் ஆயில்யம் திருநாள் மகாராஜா முன் நிறுத்தினார். மகாராஜாவுக்குப் படங்களில் ஆர்வம் உண்டு. கோட்டைக்கு அருகில் தங்க இடமும், அரண்மனையில் இருந்த ஓவியங்களையும் ஐரோப்பியப் படப் புத்தகங்களையும் பார்க்க அனுமதியும் கிடைத்தன.

சொல்லிக்கொடுக்க மறுத்த குரு

அப்போது அரண்மனை ஓவியர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர். எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் வரையத் தெரிந்தவர். எண்ணெய் வண்ணம் அந்தக் காலத்தில் நம் நாட்டுக்குப் புதுசு. நீர் வண்ணம் சட்டென்று காய்ந்துவிடும். எண்ணெயில் குழைத்த வண்ணம் நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். அதனால் கன்னத்தின் வெளிச்சத்தை நிழலோடு மெல்ல இழைக்கலாம், பட்டின் மினுமினுப்பைக் கொண்டுவரலாம். எதை எதோடு, எந்த அளவில் கலப்பது என்பது கைக்குக் கை போகும் தொழில் ரகசியம்.

அந்த ரகசியத்தை நாயக்கர் தரவில்லை. இளைஞனிடம் போட்டியை மோப்பம் பிடித்துவிட்டார். ஆனால் அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை என்ற தமிழர், குருவுக்குத் தெரியாமல் இரவில் வந்து ரவி வர்மாவுக்குத் தெரிந்ததைக் காட்டிக் கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவை வரைய வந்தார். அவரும் கற்பிக்க மறுத்தார். மகாராஜா கேட்டுக்கொண்டதால், தான் வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். ரவி வர்மா பார்த்தார். பார்த்ததைத் தனியே போய்ச் செய்து பார்த்தார், கெடுத்தார், மறுபடி செய்தார். ஓவியப் பள்ளிக்கூடம் எதிலும் அவர் படித்ததில்லை.

உங்கள் பிள்ளைகளை ஓவிய வகுப்பில் சேர்த்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஆறுமுகம் பிள்ளையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரிய கலைஞர்களின் கதையில் இப்படி ஒரு உதவியாளர் எங்கோ ஓரத்தில் இருப்பார். அவரைப் பற்றி நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பெயர் மட்டும்தான்.

1866-ல் மாவேலிக்கரை குடும்பத்துப் பகீரதி பாயியை ரவி வர்மா மணந்தார். அவர் அரச குடும்பத்து ராணி லட்சுமி பாயியின் தங்கை. இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1873-ல் சென்னை ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படத்துக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அப்போது ரவி வர்மாவுக்கு 25 வயது. அடுத்த ஆண்டு இசைக்கருவி வாசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணின் படத்துக்கும் பதக்கம். 1876-ல் தாமரை இலையில் கடிதம் எழுதும் சகுந்தலையை வரைந்தார். சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் அதை வாங்கிக்கொண்டார். அதன்பின் நாட்டின் பல சமஸ்தானங்களிலிருந்து அழைப்பு வந்தது.

கிரேக்க அன்னமும் நளனின் அன்னமும்

ரவி வர்மா கடல் கடந்து போனதே இல்லை. ஆனாலும் ஐரோப்பிய ஓவியர்கள் என்ன செய்தார்கள் என்று புத்தகங்களிலும் அச்சுப் படங்களிலும் பார்த்து வைத்திருந்தார். அங்கே பல நூற்றாண்டுகளாகக் கிரேக்கப் புராணம்தான் ஓவியர்களின் கதைக் களஞ்சியம். தேவர்களின் அரசன் சீயஸ் அன்னமாக உருமாறி லேடா என்ற அரசியிடம் வந்த கதையை லியொனார்டோ டாவின்சி ஓவியமாக வரைந்தார். அந்த ஓவியம் அழிந்துபோயிற்று. அதற்காக அவர் போட்ட கோட்டோவியங்கள் சில மிஞ்சின. இளைஞர் ரஃபேல் அதைப் பார்த்துப் பேனாவால் போட்ட ஒரு பிரதியும் மிஞ்சியது. 500 ஆண்டுகள் கழித்தும் அது இங்கிலாந்தின் வின்ட்சர் அரண்மனைத் தொகுப்பில் இருக்கிறது. மூலம் போய்விட்டாலும் நகல் அந்தக் காட்சியைக் காப்பாற்றியது.

நமக்கும் ஓர் அன்னக் கதை உண்டு. நளவெண்பா படித்தவர்களுக்குத் தெரியும். நளனின் குணத்தைச் சொல்ல அன்னம் தமயந்தியிடம் தூது வருகிறது. 1899-ல் ரவி வர்மா அதை வரைந்தார். சிவப்புப் புடவை உடுத்திய பெண், தன் முன்னால் நிற்கும் அன்னம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். ஐரோப்பியர் தங்கள் புராணத்துக்குச் செய்ததை, அதே எண்ணெய் வண்ணத்தில், அதே வெளிச்சம்-நிழல் முறையில், நம் புராணத்துக்குச் செய்வது என்பதே அவர் எடுத்துக்கொண்ட வேலை.

இது எவ்வளவு புதியது என்று தெரிய வேண்டுமானால் தக்கலை பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையை நினைத்துப் பாருங்கள். அங்கே உப்பரிகை மாளிகையின் உச்சி மாடியில் சுவர் நிறைய அனந்தசயனமும் மற்ற தெய்வங்களும் இருக்கின்றன. கல்லையும் செடியையும் அரைத்து எடுத்த வண்ணங்கள், கெட்டியான கோடுகள், அகன்ற கண்கள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தத் தெய்வங்கள் நம் உலகத்தில் நிற்பவர்கள் அல்லர், அவர்களுக்கு நிழல் விழாது. ரவி வர்மாவின் தமயந்தி தரையில் கால் ஊன்றி நிற்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போல யோசிக்கிறாள்.

தெய்வங்களுக்கு எந்த உடை போடுவது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. ஒவ்வொரு மாகாணத்திலும் ஒவ்வொரு கட்டு. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் 14 புராண ஓவியங்கள் வேண்டும் என்று கேட்டபோது, ரவி வர்மா தம்பி ராஜ ராஜ வர்மாவோடு வட இந்தியா முழுக்கச் சுற்றி மக்களின் உடையையும் முகத்தையும் கவனித்தார். கடைசியில் புடவையைத் தேர்ந்தார். சகுந்தலையும் சீதையும் லட்சுமியும் சரஸ்வதியும் எந்த ஊர்க்காரரும் தன் ஊர்ப் பெண் என்று நினைக்கும்படி ஆனார்கள்.

1893-ல் அவருடைய பத்து ஓவியங்கள் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போய் விருது வாங்கின. முந்தைய டிசம்பரில் நம் குமரிமுனைப் பாறையில் தியானம் செய்த விவேகானந்தர் பேசியதும் அதே கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வ சமய மாநாட்டில்தான்.

கல்லில் அச்சான கடவுள்கள்

இவ்வளவும் அரண்மனைச் சுவர்களோடு நின்றிருந்தால் நமக்கும் அவருக்கும் தொடர்பே இருந்திருக்காது. திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவ ராவ் ஒரு யோசனை சொன்னார். ஓவியம் வேண்டும் என்று கேட்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், ஒரு மனிதன் எத்தனை வரைய முடியும்? படங்களை வண்ண அச்சாக எடுத்து விற்கலாமே என்றார்.

இதற்கும் ஐரோப்பாவில் முன்னோடி உண்டு. மூன்று கிரேக்க தேவியரில் யார் அழகி என்று பாரிஸ் என்ற இளவரசன் தீர்ப்புச் சொல்லும் காட்சியை ரஃபேல் கோட்டோவியமாகப் போட்டுக் கொடுக்க, மார்க்கன்டோனியோ ரைமோண்டி என்ற செதுக்காளர் அதைச் செப்புத் தகட்டில் வெட்டி அச்சடித்தார். ரஃபேலின் கோட்டோவியம் தொலைந்தது. அச்சுப் பிரதிகள் நாடு நாடாகப் பரவின.

1894-ல் பம்பாய் கிர்காமில் ரவி வர்மா அச்சகம் திறந்தார். எந்திரங்களும் தொழில்நுட்பக்காரர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். முதல் படம் சகுந்தலையின் பிறப்பு. வேலை நடக்கும் விதம் இதுதான். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு கலந்த மையால் படத்தை வரைவார்கள். கல்லை ஈரப்படுத்தி அச்சு மை உருட்டினால், கோடு இருக்கும் இடத்தில் மட்டும் மை ஒட்டும், ஈரமான இடத்தில் ஒட்டாது. ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். ஒரு லட்சுமி படத்துக்கு எத்தனை வண்ணமோ அத்தனை கல், அத்தனை முறை அதே தாள் இம்மி பிசகாமல் அச்சில் ஏற வேண்டும். கடைசியில் வார்னிஷ் பூசினால் எண்ணெய் ஓவியம் போலவே மின்னும். ஒலியோகிராஃப் என்று பெயர்.

படங்கள் அமோகமாக விற்றன. ஆனால் ரவி வர்மா வியாபாரி அல்ல. பம்பாயில் பிளேக் நோய் பரவித் தொழிலாளர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். 1899-ல் அச்சகத்தை லோனாவ்லா பக்கம் மலவ்லிக்கு மாற்றினார்கள். கடன் ஏறியது. சில ஆண்டுகளுக்குள் அதை ஜெர்மன் தொழில்நுட்ப நிபுணர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடம் விற்றுவிட்டார். பின்னாளில் முதல் இந்தியக் கதைப்படம் எடுத்த தாதாசாகிப் பால்கே இந்த அச்சகத்தில் வேலை பார்த்தவர். அதன்பின் பல பத்தாண்டுகள் ஓடிய அச்சகம் 1972-ல் தீயில் அழிந்தது.

நாஞ்சில் நாட்டில் இதற்கு என்ன பொருள்?

நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. ரவி வர்மா திருவனந்தபுரத்தில் காலடி வைப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான், 1859-ல், தெற்குத் திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின் அரச அறிவிப்பு வந்தது. தோளை மறைத்து உடுத்துவதற்கே நம் மண்ணின் பெண்கள் போராட வேண்டியிருந்த காலம். மக்களில் பெரும் பகுதியினர் கோயிலுக்குள் மட்டுமல்ல, கோயிலைச் சுற்றிய தெருக்களிலும் நடக்க முடியாது. சுசீந்திரத்தில் அதற்காக 1926-ல் சத்தியாகிரகம் நடந்தது.

கருவறையில் இருந்த தெய்வத்தைப் பார்க்கும் உரிமை பிறப்பால் தீர்மானிக்கப்பட்ட நாட்டில், அச்சுப் படம் கடையில் தொங்கியது. ஓவியத்தின் விலையோடு ஒப்பிட்டால் சொற்பக் காசு. வாங்கியவர் அதைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டினார், தானே பூ வைத்தார், தானே விளக்கேற்றினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ரவி வர்மா இதை ஒரு சீர்திருத்தமாகத் திட்டமிட்டார் என்று சொன்னால் அது மிகை. அவர் தொடங்கியது ஒரு தொழில். அவருடைய தேவியர் முகமும் அரண்மனைப் பெண்களின் வெளுத்த முகம்தான். நெல் வயலில் நின்ற பெண்ணின் முகம் அதில் இல்லை. நல்ல பெண் என்றால் வெளுத்த நிறம் என்ற நம் பழக்கத்துக்கு அவர் படங்களும் ஒரு பங்கு உரம் போட்டிருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இனி அந்த உறவு முறைக்கு வருவோம். மனைவியின் அக்கா ராணி லட்சுமி பாயிக்கு வாரிசு இல்லை. 1900-ல் ரவி வர்மாவின் இரண்டு பேத்திகள், சேது லட்சுமி பாயியும் சேது பார்வதி பாயியும், அரச குடும்பத்துக்குத் தத்துப் போனார்கள். சேது பார்வதி பாயியின் மகன்தான் கடைசித் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள். 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேசப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் அவர். சுசீந்திரத்தின் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது அந்த நாளில். பூட்டனின் படங்கள் அதற்கு 40 ஆண்டுகள் முன்பே வீடுகளுக்குள் போயிருந்தன.

கடைசி ஆண்டுகள்

புகழ் உச்சியில் இருந்தபோதே தனிமையும் வந்தது. மனைவி 1891-ல் இறந்தார். 1905 தொடக்கத்தில் தம்பி ராஜ ராஜ வர்மாவும் போனார். பயணம், கணக்கு, கடிதம், பல படங்களின் பின்னணி இயற்கைக் காட்சி என்று எல்லாவற்றிலும் அண்ணனுக்குத் தோள் கொடுத்தவர் அவர். நீரிழிவால் உடல் தளர்ந்திருந்த ரவி வர்மா, மைசூர் அரண்மனைக்கு ஒப்புக்கொண்ட புராண ஓவியங்களை வரைந்து கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். 1906 அக்டோபர் 2 அன்று பிறந்த கிளிமானூரிலேயே காலமானார். வயது 58.

இறந்த சில ஆண்டுகளுக்குள் அவர் பெயர் கலை வட்டாரத்தில் சரிந்தது. இலங்கைத் தமிழர் வழிவந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி போன்றவர்கள், இது ஐரோப்பிய மேடை நாடகம், இந்தியக் கலையின் ஆன்மா இதில் இல்லை என்ற பொருளில் கடுமையாக எழுதினார்கள். பத்மநாபபுரச் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு அந்த விமர்சனத்தைப் படித்தால் அதில் நியாயம் இருப்பது தெரியும். மக்கள் அந்தக் கட்டுரைகளைப் படிக்கவில்லை. படங்களை மாட்டிக்கொண்டே இருந்தார்கள். கோவில்பட்டி கொண்டைய ராஜு முதல் சிவகாசி காலண்டர் வரை அந்த வழி தொடர்ந்தது. 1979-ல் இந்திய அரசு ரவி வர்மாவின் ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது. அவற்றை நாட்டுக்கு வெளியே விற்க முடியாது.

உங்கள் வீட்டில் பழைய படம் இருந்தால்

வீடு மாற்றும்போதும் பழைய தரவாட்டு வீடுகளைப் பிரிக்கும்போதும் சட்டம் உடைந்த சாமி படங்களை ஆலமரத்தடியிலோ குளக்கரையிலோ வைத்துவிட்டு வருவது நம் வழக்கம். மழையில் நனைந்து இரண்டு நாளில் கூழாகிவிடும். கண்ணாடியும் ஆணியும் யார் காலிலோ குத்தும். அதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள்.

• படத்தின் அடி விளிம்பில் ரவி வர்மா அச்சகத்தின் பெயரோ, கார்லா, லோனாவ்லா என்ற ஊர்ப் பெயர்களோ ஆங்கிலத்தில் சிறு எழுத்தில் இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அது நூறாண்டை ஒட்டிய அச்சுப் படமாக இருக்கக்கூடும்.

• ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். வார்னிஷ் உரியும். மெல்லிய உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

• வெயில் விழும் சுவரிலும், விளக்குப் புகை நேரே படும் இடத்திலும் மாட்ட வேண்டாம். பின்னால் செலோடேப் ஒட்டாதீர்கள், தாள் பழுத்துவிடும்.

• அச்சுப் படம் வேறு, கையால் வரைந்த மூல ஓவியம் வேறு. கோடிக்கணக்கில் ஏலம் போவது மூல ஓவியம். யாராவது ஆசை காட்டினாலும் அவசரப்பட வேண்டாம்.

மூல ஓவியங்களைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அன்னத்தோடு நிற்கும் தமயந்தி இருக்கிறாள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் அவர் ஓவியங்கள் உண்டு. பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் பத்மநாபபுரம், பிறகு திருவனந்தபுரம் என்று வைத்துக்கொண்டால் பழைய முறையையும் புதிய முறையையும் ஒரே நாளில் ஒப்பிடலாம். இரண்டு இடத்துக்கும் திங்கள்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையே கிளம்புவது நல்லது.